புத்தகம் திரும்பிப் போகிறது. குறிப்புக் கொப்பி வீட்டுக்கு வருகிறது!

ஓர் இலக்கிய வகுப்பு எப்படி முடிகின்றது என்பதை நம் பெரியோருள் எத்தனை பேர் நேரிற் கண்டிருக்கின்றனர்? பரிசளிப்பு விழாவிற் பொன்னாடை போர்த்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தவர் பலர். விளையாட்டுப் போட்டிக்குக் கொடியேற்றியவர் பலர். தமிழ் படித்த பிள்ளைகள் கடைசிப் பாடத்தன்று என்ன செய்கின்றனர் என்று வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து பார்த்தவர் மிகச் சிலரே. எமக்கு அந்த வாய்ப்பு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தற்செயலாகக் கிட்டியது. கண்டதைச் சொன்னாற் பலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் கிராமம் ஒன்றுக்கு உறவினர் ஒருவரின் வயலைப் பார்க்கச் சென்றிருந்தோம். 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையில் மூழ்கி எழுந்த காலபோகப் பயிரில் மிஞ்சியதை வெட்டி முடித்து, நெல்லை வீதியோரத்தில் உலரப் போட்டிருந்தார்கள். அவ்வூர்ப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை எமக்குப் பல்லாண்டு அறிமுகமானவர். "இன்றைக்கு என்னுடைய இலக்கிய வகுப்புக்குக் கடைசிப் பாடம், ஐயா. வந்து பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். சென்றோம். பாடசாலையின் பெயரை இங்கு எழுதோம். அதிபரையோ ஆசிரியையையோ காட்டிக்கொடுப்பது எம் நோக்கமன்று. அங்கே நடந்தது வேறெங்கும் நடவாத புதுமையுமன்று.

க.பொ.த. சாதாரண தர வகுப்பு அது. பரீட்சை மார்ச் மாதத்தில். இலக்கிய நயம் என்பது எல்லாப் பிள்ளைகளும் கற்கும் கட்டாய பாடமன்று என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்டாய பாடங்கள் ஆறு. மாணவர் தெரிந்தெடுப்பவை மூன்று. அம்மூன்றில் ஒன்றுக்குரிய தொகுதியிலே சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம் ஆகியவற்றோடு தோளுரசிக்கொண்டு நிற்கின்றது இலக்கிய நயம். கட்டாயத் தமிழ்ப் பாடத்திலும் இலக்கியம் உண்டு. எனினும், சித்திரத்தையும் சங்கீதத்தையும் விட்டு இலக்கியத்தையே விரும்பி எடுத்த பிள்ளைகள் இவர்கள். பதினால்வர். விரும்பித்தான் எடுத்தார்களா, அல்லது அவ்வூரிற் சங்கீத ஆசிரியர் இல்லாமையால் எடுத்தார்களா என்று யாம் கேட்கவில்லை. கேளாமல் விட்டதே நல்லது.

யாம் கண்ட முதற் காட்சி கணக்கெடுப்பு. ஆசிரியை பெயரிடாப்பை வாசிக்க, ஒவ்வொரு பிள்ளையாக வந்து இலக்கியப் பாடநூலை மேசையில் வைத்தது. 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது, நல்ல காரியம். கொடுத்த நூல் அடுத்த வகுப்புக்கும் பயன்படல் வேண்டும் என்று திருப்பி வாங்குகின்றனர், சிக்கனமான காரியம். பதினான்கு நூல்களும் அடுக்கப்பட்டன. மேலிருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினோம். ஒரு கோடு இல்லை. ஓர் அடையாளம் இல்லை. மடித்த மூலை இல்லை. விளக்கடியில் வைத்துப் படித்த எண்ணெய்க் கறை இல்லை. நடுவிலே சில தாள்கள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. இரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையின் பையிலே கிடந்த இலக்கிய நூல்! இரண்டாவதை எடுத்தோம், அவ்வாறே. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே. ஐந்தாவதில் மாத்திரம் ஓரிடத்தில் ஒரு சொல்லின் கீழே பென்சிற் கோடு ஒன்று கண்டோம். கண்டபோது, காட்டில் வழிதப்பியவன் மனித அடிச்சுவட்டைக் கண்டாற்போல் இருந்தது.

நூலைக் கொடுத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிய பிள்ளைகளின் கையில் வேறொன்று இருந்தது. அதுதான் குறிப்புக் கொப்பி. அதனோடு, தனியார் கல்வி நிலையம் ஒன்றிற் படியெடுத்துத் தைத்துக் கொடுத்த வினா-விடைக் கட்டு. அவற்றின் கோலத்தைக் காணவேண்டுமே! மட்டை கிழிந்து, ஓரம் கறுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் பச்சையுமாகக் கோடிட்டு, மனனஞ் செய்து செய்து நைந்து கிடந்தன. "கவிஞர் இவ்விடத்தில் உவமையணியைக் கையாண்டு கருத்துக்கு மெருகூட்டுகின்றார்" என்பதொரு வாக்கியம். பதினான்கு கொப்பியிலும் அதே வாக்கியம், அதே மெருகு. எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை அது. சந்தர்ப்பங் கூறல் இத்தனை வரி, பாத்திரப் பண்பு இத்தனை புள்ளி, மொழிநடை இத்தனை புள்ளி. நெல்லை மூடையிற் கட்டித் தராசில் ஏற்றுவதுபோற் கவிதையைக் கட்டி ஏற்றியிருந்தார்கள்.

முன்வாங்கிலிருந்த பையன் ஒருவனை, "தம்பி, இவ்வளவு பாட்டுப் படித்தீரே, எது உமக்குப் பிடித்தது?" என்று கேட்டோம். அவன் சற்றே யோசித்துப் பாட்டொன்றைச் சொன்னான். "ஏன் பிடித்தது?" என்றோம். "அதில் அஞ்சு நயம் வரும், ஐயா" என்றான்.

வகுப்புச் சிரிக்கவில்லை. அது சரியான விடை என்றே எல்லாரும் கருதினர்.

மணி அடிக்கச் சிறிது நேரம் இருக்கையில் ஒரு மாணவி எழுந்து மேசையடிக்கு வந்தாள். ஐந்தாவது நூலைக் காட்டி, "ரீச்சர், இதை நான் வைச்சிருக்கலாமா?" என்றாள். அதில் ஒரு நாவலின் பகுதி பாடமாக இருக்கின்றது, பகுதி மட்டுமே. கதையின் மீதி எங்கே கிடைக்கும் என்று பல மாதங்களாகக் கேட்டுத் திரிந்திருக்கிறாள். நூலக அலுமாரியில் முழு நாவல் ஒரு பிரதி உண்டு. ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்புக்காக நூல்களையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டனர். ஒரு நூல் தவறினாலும் பொறுப்பாசிரியர் தம் சம்பளத்திலிருந்து கட்டவேண்டி வரும் என்ற பயம். "முழுக்கதை கிடைக்காட்டில் இந்தத் துண்டையாவது வைச்சிருக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். "கணக்குக் குறையும், பிள்ளை" என்றார் ஆசிரியை. அவர் முகத்தை யாம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூல் அடுக்கிலே போய்ச் சேர்ந்தது. பிள்ளை கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சென்றாள்.

வாசகப் பெருமக்களே! அந்த வகுப்பறையில் நடந்த பண்டமாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இலக்கியம் அரசாங்கத்தின் களஞ்சியத்துக்கு மீண்டது. இலக்கியத்தைப் பற்றி யாரோ சொன்ன குறிப்புத் தமிழ்ப் பிள்ளையின் சொத்தாயிற்று. நெல்லை ஆலைக்காரனிடம் விட்டுவிட்டு உமியைத் தலையிற் சுமந்து வரும் கமக்காரனை நாம் என்னவென்று அழைப்போம்?

"இதை என் பிழையென்றே எழுதுங்கள், ஐயா. ஆனால் எனக்கு எத்தனை பாடவேளை கிடைத்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார் அந்த ஆசிரியை. அவர் சொன்ன கணக்கு இது. நவம்பரில் வெள்ளம் வந்தது. வீடிழந்த குடும்பங்கள் வகுப்பறைகளில் தங்கின. அதே வாரத்தில் உயர்தரப் பரீட்சை. வெள்ளத்தால் அது நவம்பர் 27இல் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல் மீண்டும் தொடங்கியது. பரீட்சை நிலையமான பாடசாலையிற் கீழ்வகுப்புகள் நடவா. தை பிறந்ததும் விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை. கணித ஆசிரியர் இடமாற்றத்திற் போனார். அவருக்குப் பதிலாள் வரும்வரை இலக்கியப் பாடவேளைகளையும் கணிதத்துக்குக் கொடுக்கும்படி பெற்றோர் கேட்டனர். கேட்டவர்கள் ஒருமனதாகக் கேட்டனர். சங்கீதம், இலக்கியம், சித்திரம் ஆகியவற்றின் நேரத்தை வெட்டிக் கொடுக்க நம் ஊர்களில் என்றைக்கும் இரண்டு கருத்து இருந்ததில்லை.

மிஞ்சிய நேரத்தில் அவர் என்ன செய்யலாம்? ஒரு பாட்டை உரக்க வாசித்து, பிள்ளைகளையும் வாசிக்கச் செய்து, சொல்லுக்குச் சொல் நின்று, "இது யார் பேச்சு? யாரிடம் பேசுகிறார்? சொல்லாமல் விட்டது என்ன?" என்று கேட்டுப் பார்த்திருக்கின்றார். முதல் ஆண்டில் ஒரு மாதம் அப்படியே நடத்தினாராம். அடுத்த கூட்டத்திற் பெற்றோர் முறையிட்டனர்: "ரீச்சர் குறிப்புத் தருகிறாரில்லை, ரவுணில் ரியூட்டரியிற் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுக்கட்டாய்க் குறிப்பிருக்கு." அன்றே அவர் வாசிப்பை நிறுத்தினார், சொல்வதெழுதுதலைத் தொடங்கினார். ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று மேடையேறி முழங்குவோர் இந்த வரலாற்றைச் செவியில் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி, பழியைக் கொழும்பின்மேற் போடலாம். அது நமக்குப் பழகிய தொழில். பல வேளை நியாயமான தொழிலுங்கூட. 1956ஆம் ஆண்டில் ஒரு மொழியை மட்டும் அரசகரும மொழியாக்கினர். அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அமர்ந்து அடிபட்டனர் நம் முன்னோர். 1961ஆம் ஆண்டிற் கச்சேரி வாயில்களில் வெயிலிற் கிடந்தனர். 1974 ஜனவரி 10ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்தில் உயிர்கள் பறிபோயின. இவையெல்லாம் நடந்தவை, மறக்கத்தக்கனவல்ல. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். அந்தப் பதினான்கு நூல்களின் தாள்களை ஒட்டி வைத்த சட்டம் எந்தப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது? இலக்கியப் பாடவேளையை விட்டுக்கொடு என்று கட்டளையிட்ட மந்திரி யார்?

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் முதல் நாளிலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. எரித்தவரை நாற்பதாண்டுகளுக்கு மேலாக வைகின்றோம், வையத்தான் வேண்டும். ஆண்டுதோறும் நினைவு கூருகின்றோம், கூரத்தான் வேண்டும். ஆனால் எரியாத நூலை அலுமாரியிற் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டிருப்பவரை வைவது யார்? பகைவன் இட்ட தீக்குத் தப்பியது நம்முடைய பூட்டுக்குத் தப்பவில்லையே! இதைச் சொல்லும்போது எம் கை நடுங்குகின்றது, சொல்லாமலிருக்க முடியவில்லை.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே, சட்டத்தரணிகளே! உங்களோடுதான் முதலிற் பேச்சு. கமக்காரன் தன் பிள்ளையின் பாடத்தைத் தானாகத் தெரிவதில்லை. உங்களைப் பார்த்தே தெரிகிறான். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றீர்கள்? "மகளுக்குத் தமிழில் நல்ல விருப்பம்தான், ஆனால் இலக்கியத்தில் 'ஏ' எடுப்பது கடினமாம், வேறொன்றை எடுக்கச் சொல்லிவிட்டோம்" என்று எம்மிடமே சொன்னவர் உண்டு. சொன்னவர் தம் ஊர்த் தமிழ்ச் சங்க விழாவிலே "தமிழ் எங்கள் உயிர்" என்று பேசியவர். உயிருக்கு 'ஏ' கிடையாதாம். ஆகையால் உயிரை விட்டுவிட்டுச் சித்திரம் எடுத்தாராம்! சித்திரத்தை யாம் இகழவில்லை. விரும்பி எடுத்தாற் போற்றுவோம். சந்தையிலே மலிவு பார்த்து வாங்குவதுபோல எடுப்பதைத்தான் இகழ்கின்றோம்.

உயர்தரத்துக்கு வந்தாலோ கதை இன்னும் கேவலம். கணிதம் வராதவனும் உயிரியல் தேறாதவனும் ஒதுங்கும் திண்ணை கலைப்பிரிவு என்று நாமே பலகை எழுதித் தொங்கவிட்டோம். அந்தத் திண்ணையில் ஒதுங்கியவர்தாம் நாளை நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் போகின்றவர். அப்பொழுது, "இப்போதைய ஆசிரியர்களுக்குத் தமிழ் தெரியவில்லை" என்று மூக்கால் அழுவதும் நாமே.

உத்தியோகமும் இலக்கியமும் ஒன்றோடொன்று ஒவ்வா என்று உங்களுக்கு உபதேசித்தவர் யாரோ, யாம் அறியோம். சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்து, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பண்டித உத்தியோகத்தோடு நின்றவரல்லர். அரசாங்கக் கணக்குப் பகுதியிற் கடமையாற்றியவர். சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். பகலெல்லாம் கணக்கும் வழக்கும் பார்த்த அக்கண்கள் எஞ்சிய நேரத்திலே செல்லரித்த ஏடுகளைப் பார்த்தன. வீரசோழியம் 1881இல் அச்சேறியது. கலித்தொகை 1887இல் அச்சேறியது. அவர் தேடிப் பதிப்பித்திராவிடில் நம் பிள்ளைகள் இன்று குறிப்பு எடுப்பதற்குக்கூட நூல் இருந்திராது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளோ விஞ்ஞானம் படித்தவர். இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரி. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர். அவரே 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பண்டை இசைக்கருவியின் நரம்புகளைக் கணித அளவையால் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒலி நூலறிவில்லாதவர் அந்நூலை எழுதியிருக்கவே முடியாது. இவர்களுடைய படங்களைப் பாடசாலை மண்டபத்திற் கண்ணாடியிட்டு மாட்டியிருக்கின்றோம். அந்தப் படத்தின் கீழே நின்றுகொண்டே, "சயன்சுப் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு?" என்கின்றோம்.

"இலக்கியம் சோறு போடுமா?" என்று கேட்கும் கமக்கார நண்பர்களுக்கு வருவோம். நேர்மையான கேள்வி. நேரான விடை சொல்லுதல் கடன்.

2025 மார்ச் இறுதியில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடமாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் உரிமையை நிலைநாட்ட வேண்டும். நாட்டாவிடின் அரசகாணியாகக் கொள்ளப்படலாம் என்பது அதன் சாரம். போரில் உறுதியை இழந்தவர், இடம்பெயர்ந்தவர், கடல் கடந்தவர் யாவரையும் உலுக்கிய அறிவித்தல் அது. பெரும் எதிர்ப்பெழுந்த பின்னரே அரசாங்கம் அதைக் கைவிட்டது. அந்த வாரங்களில் நம் ஊர்ச் சந்திகளில் என்ன நடந்தது? "காணியெல்லாம் பறிபோகப் போகுதாம்" என்றார் ஒருவர். "ஒன்றுமில்லை, சும்மா பயமுறுத்தல்" என்றார் மற்றொருவர். இருவரிடமும் "அறிவித்தலை வாசித்தீரா?" என்று கேட்டோம். இருவரும் வாசிக்கவில்லை. இருவர் கையிலும் இருந்தவை குறிப்புகள். கைத்தொலைபேசியில் யாரோ எவருக்கோ அனுப்பிய நாலு வரி. மூலத்தைக் கையில் எடுத்து, இது யார் பேச்சு, யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல்லைப் பதுக்கி வைத்திருக்கிறார், 'கொள்ளப்படும்' என்பதற்கும் 'கொள்ளப்படலாம்' என்பதற்கும் உள்ள தூரம் எத்தனை என்று பார்க்கும் பழக்கம் எங்கே கற்பிக்கப்படுகின்றது? இலக்கிய வகுப்பிலே ஐயா! பாட்டிலே ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கக் கற்றவன் உறுதியிலும் ஒரு சொல்லை நிறுத்திப் பார்ப்பான். பாட்டுக்கே குறிப்பை நம்பியவன் உறுதிக்கும் நொத்தாரிசின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். சோறு போடும் காணியையே காக்கும் கல்வியைச் சோறு போடாத கல்வி என்று தள்ளுவது எந்தக் கமக்கணக்கு?

அரசியலுக்கும் இதுவே. 1957 ஜூலை 26ஆம் நாள் ஒப்பமிட்ட பண்டா-செல்வா ஒப்பந்தத்தைப் பற்றி நம்மில் யாருக்கு அபிப்பிராயம் இல்லை? மறு ஆண்டு அது கிழித்தெறியப்பட்டது என்று சிறு பிள்ளையும் சொல்லும். அதன் வாசகம் சில பக்கங்களே. தேநீர்க் கடையில் அதைப்பற்றி மணிக்கணக்காக வாதிடுவோரில் அந்தச் சில பக்கங்களையும் ஒருமுறை முழுதாக வாசித்தவர் கையை உயர்த்தட்டும்! கட்சித் தலைவர் தந்த குறிப்பு, எதிர்க்கட்சியார் தந்த குறிப்பு, வானொலி தந்த குறிப்பு. எம் இனத்தின் வரலாறே இன்று ஐந்து நயமாகச் சுருங்கிவிட்டது. வகுப்பறையிலே அந்தப் பையன் சொன்ன விடைக்கு யாம் உள்ளூரச் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிற் சிரிப்பு அடங்கிவிட்டது.

பரீட்சை முறையே பிழை. அதை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வர். முறையிற் பிழை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை நம் மாகாணத்தில் நம்மவர் தாமே ஆக்குகின்றனர்? பாடநூலையே மண்டபத்துக்குள் எடுத்துவரச் சொல்லி, "இப்பக்கத்தை வாசித்து, உமக்குத் தோன்றியதை உமது சொல்லில் எழுதுக" என்று ஒரேயொரு வினாவைச் சேர்க்க எவருடைய உத்தரவு வேண்டும்? அந்த ஒரு வினா வந்தால் ரியூட்டரிக் கட்டு அந்த இடத்திலே வாயடைத்துப் போகும். நூல் அழுக்காகும். அழுக்கான இலக்கிய நூல்களைத் திருப்பித் தரும் வகுப்புக்கே ஆண்டிறுதியிற் பரிசு கொடுப்போம் என்று ஓர் அதிபராவது அறிவிக்கட்டும். யாமே வந்து கைதட்டுவோம்.

மாகாணசபை இருந்தாற் செய்யலாம் என்பார் இன்னொரு சாரார். 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்கு வந்த அதிகாரங்களுட் கல்வியும் ஒன்று. 2013இல் தெரிவான வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இந்த அநீதியைப் பற்றித் தனியே எழுதவேண்டும். ஆனால் நூலக அலுமாரியைத் திறக்கத் தேர்தல் ஆணையாளர் வரவேண்டியதில்லை. சபை இருந்த ஐந்தாண்டுகளிலும் அந்த அலுமாரி திறந்து கிடந்ததாக நமக்கு நினைவில்லை.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஈகை பெரிது. நீங்கள் அனுப்பிய பணத்தில் நுழைவாயில் வளைவுகள் எழுந்தன. நீச்சற் குளங்கள் எழுந்தன. நிறுவுநர் சிலைகள் எழுந்தன. சில பாடசாலைகளில் வளைவின் உயரம் வகுப்பறைக் கூரையின் உயரத்தை மிஞ்சிவிட்டது. அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இந்த ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இலக்கிய நயம் எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும், வகுப்பு முடியும் நாளில், அது படித்த நூல் அதற்கே சொந்தம். அரசாங்கத்தின் பிரதி அரசாங்கத்துக்குப் போகட்டும். அதற்கு ஈடான பிரதியை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். நூலிற் பகுதி பாடமாயின், முழு நூலையும் கொடுங்கள். பெரும்பாலான பாடசாலைகளில் இந்தப் பாடத்தை எடுப்போர் சிறு கூட்டமே. அத்தனைக்கும் சேர்த்து வரும் செலவு ஒரு வளைவுக்குப் பூசும் வர்ணத்தின் செலவைத் தாண்டாது. நூலகப் பொறுப்பாசிரியர் பயந்து பூட்டாதிருக்க, தவறும் நூல்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சங்கக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். தவறிய நூலை யாரோ ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்த நாவலின் முழுப்பிரதி ஒன்றை யாம் யாழ்ப்பாணத்திற் கடை கடையாகத் தேடி, பழைய நூல் விற்பவர் ஒருவரிடம் வாங்கி, ஆசிரியைக்கு அனுப்பி வைத்தோம். பரீட்சை தொடங்குமுன் அவளிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். மற்றைப் பதின்மூவருக்கும் யார் அனுப்புவது?